நலம் என்று எழுதிய பெட்டி

"கிட்னியையே தூக்கிக் கொடுக்கத் தயாரா இருக்கறவ, ஒரு ஸ்பூன் ரத்தம் கொடுக்க மாட்டேங்கறா. ஏன்?"

டாக்டரம்மா கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விடை கண்டுபிடிக்க எங்களை வரவழைத்துவிட்டு எங்களையே கேட்டால் எப்படி என்று தோன்றியது. மனதில் தோன்றியதை வாயில் தேக்கி வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"சிலபேர் அப்படித்தான் டாக்டர். மொத்தமா கேட்டா கொடுப்பாங்க, சில்லறையா கேட்டா கோபம் வந்துடும்."

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே என் காலை மிதித்தார்.

மேடத்தை இந்தத் தொழிலில் எல்லோரும் சல்லடை என்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் உட்கார்ந்து, செத்துப்போனதாகச் சொல்லிவிட்டுச் சினிமா பார்த்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் சலித்து எடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாள். என்னை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ என்று மேடம் திருத்துவார்.

டாக்டரம்மா, பரம்பரை நோய்களுக்குக் காரணம் தேடும் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். நான் கையால் சைகை காட்டியதும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரே குடும்பம். தகரப் பட்டறை வச்சிருக்கறவங்க. தலைமுறை தலைமுறையா கிட்னி போயிட்டே இருக்கு. ஜீன்ல எங்கேயோ ஒரு கோளாறு. அந்தக் கோளாறு நோயாளிங்க எல்லார் ரத்தத்துலயும் இருக்கணும். நல்லா இருக்கறவங்க யார் ரத்தத்துலயும் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணைத் தேடறோம்."

"திருட்டுப்போன வீட்டுக்கெல்லாம் போன ஆள். திருட்டுப்போகாத வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆள். அவன்தான் திருடன்" என்றேன்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. யாராவது என்னை ஆமோதித்தால் எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

"ஆள் கிடைச்சுட்டான். எல்லாம் பொருந்துது. ரெண்டே ரெண்டு டியூப்தான் இடிக்குது. அந்த வீட்டு அத்தைக்குக் கிட்னி போயிடுச்சு, நோயாளி. அவங்க டியூப்ல கோளாறு இல்லை. அவங்க அண்ணன் மகள்கள்ல தங்கச்சிக்காரி நல்லா இருக்கா. அவ டியூப்ல கோளாறு இருக்கு. ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க, அச்சு மாதிரி உட்காருது. அப்படின்னா யாரோ மாத்தியிருக்காங்க."

"ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே?" என்றார் மேடம்.

"அத்தை, கேட்டாலே திட்டறாங்க. தங்கச்சிகிட்ட, உன் டியூப்ல உங்க அக்காவோட கோளாறு இருக்குதுன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து போனையே எடுக்கறதில்லை. குற்ற உணர்ச்சி இல்லாதவ ஏன் ஒளியணும்? எனக்கு இன்னிக்கே பதில் வேணும். மதியத்துக்கு மேல அவளுக்கு ஆபரேஷன். அவ அக்காவுக்கு ஒரு கிட்னி கொடுக்கறா. அப்புறம் படுக்கையில கிடக்கறவளைப் போய்க் கேள்வி கேக்க எனக்கே மனசு வராது."

மேடம் எழுந்து அறையைச் சுற்றி வந்தார். மூலையில் இரண்டு குளிர்ப் பெட்டிகள், தூக்கிக்கொண்டு போகிற வகை. ஒன்றின் மேல் சிவப்பு எழுத்தில் 'நோய்' என்றும், மற்றதில் பச்சை எழுத்தில் 'நலம்' என்றும் எழுதியிருந்தது.

"உங்க கணக்குல நோயாளின்னா யாரு டாக்டர்?"

"கிட்னி செயலிழந்தவங்க."

"செயலிழக்காதவங்க?"

"நல்லா இருக்கறவங்க."

"பாதி வழியில இருக்கறவங்க?"

"அப்படிக் கேட்டுக்கிட்டே போனா முடிவே இல்லைம்மா. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். நான் கிட்னியில போட்டேன்."

"அந்தக் குடும்பத்துக்கு வேற ஏதாவது தொந்தரவு?"

"காது கொஞ்சம் மந்தம். அது தொழில் கொடுத்தது. நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டினா யாருக்குத்தான் போகாது? அதையெல்லாம் நான் சேர்க்கலை."

"ரத்தம் எங்க எடுத்தீங்க?"

"நோயாளிங்களுக்கு ஆஸ்பத்திரியில, டயாலிசிஸ் நடக்கும்போதே எடுத்துட்டோம். மத்தவங்களுக்குப் பட்டறைக்குப் போய் எடுத்தோம். வேற நாள், வேற பெட்டி. இங்க வந்தப்புறமும் தனித்தனி அறை, தனித்தனி பூட்டு. சாவி என்கிட்ட."

"அப்ப ரெண்டு டியூபும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே கிடையாது. எப்படி மாறும்?" என்றேன்.

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் எரிச்சலோடு.

---

பட்டறைக்கு வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே சத்தம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. உள்ளே தகடுகளைத் தண்ணீர்த் தொட்டிகளாக வளைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பல் கூசியது.

மேஸ்திரி, தலை நரைத்த ஒல்லியான மனிதர், தொட்டி ஒன்றின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நானும் அறிமுகப்படுத்திக்கொண்டேன், தொண்டை கிழிய.

"எதுக்குத் தம்பி கத்தறே?" என்றார் மேஸ்திரி. "நல்லாத்தானே கேக்குது."

"மன்னிக்கணும். பட்டறைக்காரங்கன்னா காது மந்தம்னு சொன்னாங்க."

"முதலாளி வீட்டுல அப்படி. பெரிய முதலாளி இருந்தப்ப பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டார். தோளைத் தட்டணும். அவரும் நானும் ஒண்ணாத்தான் சுத்தி பிடிச்சோம். பாவம், அவருக்குக் காதும் போச்சு, கிட்னியும் போச்சு, ஆளும் போயிட்டார்."

"இப்ப யார் பார்த்துக்கறாங்க?"

"சின்னம்மாதான். ஆபரேஷனுக்குப் போயிருக்கு. அதோட அக்கா, பெரியம்மா, இங்க வேலை பார்த்ததே இல்லை. படிப்புல கெட்டி, லைப்ரரியில வேலை."

அவர் பின்னால், பட்டறையின் அடுத்த கோடியில், யாரோ ஒரு ஆணியைத் தவறவிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி திரும்பாமலே, "பொறுக்கி டப்பாவுல போடு" என்று குரல் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "என்ன கேட்டீங்க?"

"நான் இன்னும் கேக்கலை" என்றார் மேடம். அவர் குரலில் ஒரு மாற்றம் இருந்தது. மோப்பம் கிடைத்தால் வருகிற குரல். "ரத்தம் எடுக்க வந்தாங்களே, அன்னிக்கு அத்தை இங்க வந்திருந்தாங்களா?"

"அவங்க எங்க வர்றது? அவங்க ஆஸ்பத்திரி மிஷினுக்கும் வீட்டுக்கும்தான் நடக்கறாங்க. அன்னிக்குச் சின்னம்மா அந்த நாற்காலியில உட்கார்ந்து கையை நீட்டுச்சு. எடுக்க வந்த ஆள் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு எடுத்தான், மடியில வச்சுக்கிட்டே காப்பி குடிச்சான்."

"லைப்ரரியில இருக்கற பெரியம்மாவுக்குக் காது எப்படி?"

"அது மிஷின் மாட்டியிருக்கு. சின்ன வயசுல பட்டறை பக்கத்துல வளர்ந்ததுல்ல."

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். "மேடம், லைப்ரரியில காது மிஷின் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா சம்பளம் வாங்கறதே பாவம். ஊர்லயே அமைதியான இடம் அதுதான்."

"ரேடியோ, முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே."

"என்ன சொன்னேன்?"

"அதுதான் உனக்குத் தெரியலை. காரை எடு."

காரை எடுத்தேன். மணியைப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு அதிக நேரம் இல்லை. மேடம் வழியில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, தங்கை இருக்கும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடச் சொன்னார். டியூபை மாற்றியது யார் என்று அங்கே தெரிந்துவிடும் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது புதிதல்ல என்பதால் சும்மா இருந்தேன்.

---

அக்காவும் தங்கையும் இருந்த ஆஸ்பத்திரியிலேயேதான் டயாலிசிஸ் வார்டும் இருந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம், உள்ளே போய்ச் சுற்றி வெளியே வரும் சிவப்புக் குழாய்கள். எல்லா இயந்திரமும் சேர்ந்து முனகின. கடைசி நாற்காலியில் போர்வைக்குள் அத்தை. பக்கத்தில் காக்கிச் சட்டையோடு ஒரு மனிதர், மடியில் தடிமனான லைப்ரரி புத்தகம். பஸ் டிரைவர், அத்தையின் மகன் என்று நர்ஸ் சொன்னாள். புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தார்.

நான் வாசலிலேயே மேடத்தின் காதுக்குள் கிசுகிசுத்தேன். "இவங்ககிட்ட ரத்தம் கேட்டா நம்ம ரத்தத்தை எடுத்துடுவாங்க போல இருக்கே."

"எடுக்க மாட்டேன் தம்பி" என்றது கடைசி நாற்காலி. "உன் உடம்புல இருக்கறது ஒரு கொசுவுக்கே பத்தாது."

மேடம் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். அத்தைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாம்புக் காதா இருக்கேம்மா உங்களுக்கு."

"காது நல்லாத்தான் இருக்கு. முட்டியும் கிட்னியும்தான் போச்சு. காலால மிதிக்கற தையல் மிஷின் வச்சுக் கடை நடத்தினேன். முட்டி வலிக்கு மாத்திரை, மிட்டாய் மாதிரி தின்னேன். மருந்துக்கடைக்காரன் என் தலையைப் பார்த்தாலே எடுத்து வச்சிடுவான்."

"எவ்வளவு நாள்?"

"கடை இருந்தவரைக்கும்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே சொல்றது. கிட்னி போச்சுன்னு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பட்டறை வீடான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்வளவுதான், தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப ரத்தம் கொடு ரத்தம் கொடுன்னா, குத்தறதுக்கு இடம் எங்க இருக்கு? பாரு." கையை நீட்டினார். உண்மையில் இடம் இல்லை.

"உங்களுக்கு மாத்துக் கிட்னி?"

"அம்மாவுக்கு இதயம் பலவீனம், ஆபரேஷன் தாங்காதுன்னுட்டாங்க" என்றார் டிரைவர். "அப்ப நான் சும்மா இருக்கறேனே, மாமா பொண்ணுக்குக் கொடுக்கறேன்னு போனேன். அவளும் நானும் ஒரே ரத்த வகை. அம்மா நோயாளி, நோயாளி மகன்கிட்ட வாங்க முடியாதுன்னு வாசல்லயே திருப்பிட்டாங்க. உள்ளகூட விடலை."

"பெரியவளுக்கா, சின்னவளுக்கா?" என்று நான் கேட்டிருக்க வேண்டாம். புத்தகத்தின் முதுகில் லைப்ரரி முத்திரை இருந்தது. டிரைவர் அதைச் சட்டென்று மூடிவிட்டார்.

"நிறைய படிப்பீங்களோ?" என்றேன்.

"வாங்கிட்டு வருவான், கொண்டுபோய்க் கொடுப்பான்" என்றார் அத்தை. "நடுவுல படிக்க மாட்டான்."

---

தங்கை, ஜன்னலைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கான பச்சை அங்கி போட்டாயிற்று. தலைமுடியைத் துணித் தொப்பிக்குள் அடக்கியிருந்தாள். எங்களுக்கு முதுகு தெரிந்தது. எதிர் அறையில் அக்கா தயாராகிக்கொண்டிருப்பதாக நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மேடம் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார். "உங்க கட்டிலுக்கு அடியில தேள் இருக்கு."

நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். தங்கை அசையவில்லை.

நான் ஏறியபோது நாற்காலி சுவரில் இடித்தது. அந்த அதிர்வில்தான் திரும்பினாள். நாற்காலி மேல் நிற்கிற என்னைப் பார்த்து, "யார் நீங்க? பல்பு மாத்த வந்தீங்களா?" என்றாள். பட்டறைக் குரல். நடைபாதையில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குள் டாக்டரம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் தங்கையின் முகம் வெளுத்தது. மேடம் அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, யாருக்காக வந்திருக்கிறோம் என்பதைச் சொன்னார். உதட்டைப் பார்த்தபடி தங்கை கேட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள்.

டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"எப்படி மாத்தினீங்க?" என்றார் மேடம்.

"பட்டறைக்கு ரத்தம் எடுக்க வந்தாங்கல்ல. அந்த ஆள் காப்பி குடிச்சிட்டு இருந்தப்ப பெட்டியைத் திறந்தேன். அத்தை டியூப்ல இருந்த ஸ்டிக்கரையும் என் ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிட்டேன்."

"ஏன்?"

"பயம். எனக்கும் நோய் இருந்துடுமோன்னு. அத்தைக்கு எப்படியும் இருக்குன்னு தெரியும். என் பேர்ல எதுவும் வரக்கூடாதுன்னு நினைச்சேன். மன்னிச்சுடுங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லை. நான் நல்லா இருக்கறேன். நீங்க உங்க கட்டுரையை எழுதிக்கோங்க. என்னை ஆபரேஷனுக்கு விட்டுடுங்க."

"பரவாயில்லைம்மா" என்றார் டாக்டரம்மா. "உண்மையைச் சொன்னியே, அது போதும். நீ அக்காவைப் பாரு."

அப்படியே முடிந்திருக்கலாம். டாக்டரம்மாவுக்கு ஜீன் கிடைத்தது. தங்கைக்கு ஆபரேஷன் கிடைத்தது. எங்களுக்கு வேலை முடிந்தது. வெளியே, ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் தள்ளுவண்டியின் சக்கரங்கள் கிரீச்சிடுவது கேட்டது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அத்தை டியூப் அந்தப் பெட்டிக்கு வரவே இல்லைம்மா" என்றார்.

தங்கை, தான் உதட்டைச் சரியாகப் படிக்கவில்லையோ என்று மேடத்தைப் பார்த்தாள்.

"அது நலம் பெட்டி. நோயாளிங்க ரத்தம் இந்த ஆஸ்பத்திரியில எடுத்தது, நோய்ப் பெட்டியில போனது. வேற நாள். நீங்க மாத்தணும்னா இல்லாத டியூபோடதான் மாத்தியிருக்கணும். அந்த ஆளும் பெட்டியை மடியிலேர்ந்து இறக்கலை."

டாக்டரம்மா தலையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலையில் தன் வாயாலேயே சொன்னது அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது.

"அப்ப யார் மாத்தினது?"

"யாரும் மாத்தலை டாக்டர். ரெண்டு டியூபும் சரி. நீங்க போட்ட கோடுதான் தப்பு." மேடம் குரலை உயர்த்தவில்லை. "கிட்னி போனவங்கல்லாம் இந்த நோய், போகாதவங்கல்லாம் நலம்னு பிரிச்சீங்க. அத்தைக்குக் கிட்னி போச்சு, ஆனா வலி மாத்திரையால போச்சு. பட்டறை வீடுன்னு கேட்டதும் யாரும் அதுக்கு மேல கேக்கலை. இந்தப் பொண்ணுக்குக் கிட்னி இன்னும் போகலை, அதனால நலம். கொஞ்ச நேரம் கிட்னியை மறந்துடுங்க. காதை வச்சுப் பிரிச்சுப் பாருங்க."

"காது பட்டறைச் சத்தத்தால..."

"மேஸ்திரி அதே பட்டறையில கிழவனாயிட்டார். பின்னாடி ஆணி விழுந்தா சொல்றார். அக்கா லைப்ரரியில உட்கார்ந்து காது மிஷின் மாட்டியிருக்கா. அத்தை இந்த மிஷின் சத்தத்துக்கு நடுவுல இவன் கிசுகிசுத்ததுக்குப் பதில் சொல்றாங்க. இவளுக்குத் தேள்னு சொன்னாக்கூடக் கேக்கலை. சத்தம்தான் காரணம்னா மேஸ்திரிக்குப் போயிருக்கணும், அக்காவுக்குப் போயிருக்கக் கூடாது. காது மந்தமா இருக்கறவங்க டியூப்லதான் கோளாறு இருக்கும். போய்ப் பாருங்க."

டாக்டரம்மா போய்ப் பார்க்கவில்லை. அவர் மனதிலேயே ஒவ்வொரு முகமாக ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. நாற்காலியைத் தேடினார். அதன் மேல் நான் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் இறங்கிக் கொடுத்தேன்.

"என் ஜீன் சரி" என்றார் மெதுவாக. "சாட்சி சொல்ல வந்தவளைப் போய்த் திருடின்னு பிடிச்சிருக்கேன்."

"சாட்சிக்கு விஷயம் தெரியும்" என்றார் மேடம். "இல்லைன்னா செய்யாத திருட்டை ஏன் ஒத்துக்கணும்? எப்பலேர்ந்தும்மா?"

தங்கை அங்கியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

"சளி காய்ச்சல் வந்தா ஒண்ணுக்குப் பால் ஊத்தாத டீ மாதிரி போகும். அக்காவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்டுல சூடுன்னு சொல்லித் தண்ணி குடிக்கச் சொல்வாங்க. இங்க சோதிச்சப்ப லேசா ரத்தம் தெரியுதுன்னாங்க. மாச நாள்னு சொல்லிட்டேன். பொம்பளை அப்படிச் சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்கறதில்லை. டாக்டர் போன் பண்ணி உன் டியூப்ல அக்காவோடதுன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை கொடுத்தா எல்லாருக்கும் புரிஞ்சிடும்." நிமிர்ந்தாள். "அதனால என்ன? என் கிட்னி இன்னும் ஓடுது. அவளுதுதான் நின்னுபோச்சு."

தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. தள்ளி வந்தவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார். தங்கை கட்டிலிலிருந்து இறங்கி, அவர் கை கொடுப்பதற்குள் தானாகவே வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள் கூரையைப் பார்த்து.

வண்டி நகர்ந்தது. டாக்டரம்மா எழுந்தார். மேடம்தான் போய் வண்டியின் கம்பியைப் பிடித்தார். தங்கையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"உன் கிட்னியில இருக்கறதும் அதே கோளாறுதாம்மா. இன்னிக்கு அவ உடம்புல வச்சா, நாளைக்கு அங்கேயும் அது தன் வேலையைக் காட்டும். உனக்கு மிச்சம் இருக்கறது ஒண்ணு. அதுவும் போனா அடுத்த சாய்வு நாற்காலி உனக்கு. அக்காவைக் காப்பாத்தற மாதிரி இருக்கும். ஆனா காப்பாத்தாது."

"நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது" என்றாள் தங்கை. இப்போது அழுதாள். "கெஞ்சிக் கேக்கறேன். சொல்லாதீங்க. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சுபோச்சுடி" என்றது வாசலில் ஒரு குரல்.

அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பச்சை அங்கி. காதுக்குப் பின்னால் சின்ன இயந்திரம். "நம்ம வீட்டுல ரகசியம் பேசத் தெரிஞ்சவ யாரு இருக்கா? நான்தான் மாத்தினேன்னு நீ கத்தினது மிஷினைக் கழட்டி வச்சிருந்தாக்கூட கேட்டிருக்கும்."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன. நடந்து வருவதே அவளுக்குப் பெரிய காரியம் என்பது தெரிந்தது.

"பால் ஊத்தாத டீயா?" என்றாள் அக்கா.

தங்கை தலையாட்டினாள்.

"என்கிட்ட சொல்லலை பாரு." அக்கா கையில் கட்டியிருந்த ஆபரேஷன் பட்டையைப் பிய்த்து வண்டியின் மேல் போட்டாள். "நான் வாங்கிக்க மாட்டேன். கூட்டிட்டுப் போங்க இவளை, கட்டிலுக்கு."

"அப்ப நீ?" என்று தங்கை கேட்டாள். கத்தலாகத்தான் வந்தது. நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டாக்டரம்மா மூலைக்குப் போய் அறுவை மருத்துவருக்குப் போன் செய்து, ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். பேசி முடித்துவிட்டு வந்து தங்கையின் பக்கத்தில் நின்றார். "இன்னியிலேர்ந்து உன்னையும் பார்த்துக்கணும்மா. முன்னாடியே தெரிஞ்சா, உன் கிட்னி ரொம்ப வருஷம் தாங்கற மாதிரி மருந்து இருக்கு. அக்காவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது." தங்கை கேட்டதாகவே தெரியவில்லை. கேட்காமல் போனது காதால் அல்ல.

மேடம் என் முழங்கையைத் தட்டினார். "ரேடியோ, கீழ போய் அந்தத் தலைகீழ்ப் புத்தகத்தைக் கூட்டிட்டு வா."

நான் ஓடினேன். டிரைவர் என்னைவிட வேகமாக மாடி ஏறினார். வந்தவர் அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உங்களை ஏன் வேண்டாம்னாங்க?" என்றார் மேடம்.

"அதான் சொன்னேனே. அம்மா நோயாளி."

"அம்மா நோயாளிதான். ஆனா இந்த நோயாளி இல்லை. அவங்க ரத்தத்துல அந்தக் கோளாறே கிடையாது. அவங்ககிட்ட இல்லாதது உங்களுக்கு எங்கேர்ந்து வரும்?" மேடம் டாக்டரம்மாவைப் பார்த்தார். "வாசல்ல திருப்பி அனுப்பினது இந்தக் கோடுதானே டாக்டர்?"

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இன்னும் நிறையப் பார்க்கணும். பொருந்தணும். உடம்பு தாங்கணும். இப்பவே எதுவும் சொல்ல..."

டிரைவர் காக்கிச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி நீட்டிவிட்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அக்கா. அவள் குரல் மட்டும்தான் அந்தக் குடும்பத்தில் மெதுவானது.

"எல்லாப் புத்தகத்தையும் யோசிச்சுட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்" என்றார் டிரைவர். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

நர்ஸ் ஊசியும் டியூபுமாக வந்தாள். டிரைவரிடம் எடுத்து முடித்து நிமிர்ந்தபோது, வண்டியில் உட்கார்ந்திருந்த தங்கையும் பச்சை அங்கியின் கையை ஏற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் விரல்களைப் பற்றியிருந்ததால் மற்றக் கையைத்தான் நீட்ட முடிந்தது.

"எடுத்துக்கோங்க" என்றாள் டாக்டரம்மாவைப் பார்த்து. "கேட்டீங்களே."

டாக்டரம்மா அந்த டியூபை வாங்கிக்கொண்டார். இன்னும் சூடு ஆறாத டியூப். ரத்தம் வாங்கிப் போக அவர் வரச் சொல்லியிருந்த ஆள் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான், சிவப்பு எழுத்து ஒன்று, பச்சை எழுத்து ஒன்று. இரண்டையும் திறந்து வைத்துவிட்டு, எதில் வைப்பது என்று கேட்டான். டாக்டரம்மா டியூபை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்தபடி அந்தப் பெண்ணின் பக்கத்தில், வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.